புளி: எப்போது வாங்குவது, எப்படி வைப்பது, எதற்கு எவ்வளவு கரைப்பது

ஒரு வருஷத்துக்கான புளியை மாசி, பங்குனியில் வாங்கிவிட வேண்டும். தை பிறந்ததும் புளி உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வருகிற சரக்கில் ஈரம் அதிகம். சித்திரை தாண்டினால் நல்லதெல்லாம் வியாபாரிகளின் கிடங்குக்குப் போய்விடும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் வீட்டுக்காரர்களுக்கு.

நான் பிறந்தது நத்தம் பக்கம், வாக்கப்பட்டது மதுரை. எங்கள் பக்கம் புளிய மரத்தை வருஷா வருஷம் குத்தகைக்கு விடுவார்கள். ரோட்டோரத்து மரங்களை ஏலம் எடுப்பவர்களும் உண்டு. உலுக்கி, பொறுக்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துப் புளியாக நம் கைக்கு வருவதற்குள் எத்தனையோ பெண்களின் விரல் நுனி கறுத்துப் போயிருக்கும். ஆகவே கொட்டை எடுத்த புளி விலை கூடுதல் என்று முணுமுணுக்காதீர்கள். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு புளியம்பழத்தின் எடையில் சதை ஏறக்குறைய 55 சதவீதம், கொட்டை 34, ஓடும் நாரும் 11. ஓடு மட்டும் நீக்கிய கொட்டைப் புளி 10 கிலோ வாங்கினால், உட்கார்ந்து எடுத்த பிறகு 6 கிலோ சுமாருக்குத்தான் சதை நிற்கும். இரண்டின் விலையையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்து, வீட்டில் கொட்டை எடுக்க ஆள் இருக்கிறதா என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து என் மருமகள் கேட்டாள், "மாசாமாசம் பாக்கெட் வாங்கிக்கிட்டா என்ன அத்தை?" வாங்கலாம், ஒன்றும் குடி முழுகாது. ஆனால் பாக்கெட்டில் இருப்பது இந்த வருஷத்துப் புளியா, போன வருஷத்துப் புளியா என்று பார்க்காமல் எப்போதும் ஒரே உருண்டையைக் கரைத்தால் ரசம் ஒருநாள் சுள்ளென்றும் மறுநாள் மந்தமாகவும்தான் வரும். புளிக்கு முதலில் பார்க்க வேண்டியது வயசு.

புதுப்புளி செம்மண் நிறத்தில் இருக்கும். புளிப்பு கூர்மையாக நாக்கில் ஏறும். ரசம், பச்சைப்புளி ரசம், சாம்பார், பானகம் இவற்றுக்கு இது. ஒரு வருஷம் தாண்டினால் அது பழம்புளி. கருத்து, பசைபோல இறுகி, வாசனை கனத்துவிடும். வத்தக்குழம்பு, காரக்குழம்பு, மீன் குழம்பு, புளிக்காய்ச்சலுக்குப் பழம்புளிதான். நிறம் கறுப்பது கெட்டுப்போவதால் அல்ல. பழத்திலுள்ள சர்க்கரையும் புரதக் கூறுகளும் மெதுவாக வினைபுரிந்து கறுக்கின்றன. சூட்டில் அது வேகமாக நடக்கும், குளிரில் தாமதமாகும். அதனால்தான் வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார்கள். ஐப்பசியில் ஒரு கடையில் புளி சிவப்பாக இருந்தால் சாயம் பூசியிருக்கிறான் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கிடங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கடையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. கை ஈரமானால் எடைக்காகத் தண்ணீர் தெளித்த சரக்கு அல்லது காயாத சரக்கு. எதுவானாலும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பிய்த்தால் சதை கனமாக இருக்கிறதா, நாரும் ஓட்டுத் தூளும்தான் அதிகமா என்று பாருங்கள். ஒரு துணுக்கு வாயில் போடுங்கள். மண் நறநறவென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் புளி, உரிகம் ரகம், பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 என்றெல்லாம் ரகம் சொல்வார்கள். மரம் வைக்கிறவர்களுக்கு அது முக்கியம். வாங்குகிறவருக்குக் கையும் நாக்கும் போதும்.

உப்பிட்டு வைப்பது

நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் அரைக் கிலோ ஆகும். வருஷத்துக்கு 6 கிலோ. மீன் குழம்பு அடிக்கடி வைக்கிற வீடென்றால் 8 வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் மொட்டை மாடியில் பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டும். காயும்போதே மிச்சமிருக்கும் கொட்டையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வண்டு கொட்டைக்குள்தான் முதலில் குடியிருக்கும். கொட்டை போய்விட்டால் பாதிப் பிரச்சினை போச்சு. பிறகு கிலோவுக்கு ஒரு பிடி கல்லுப்பு. மண்பானையோ பீங்கான் ஜாடியோ எடுத்து, அடியில் உப்பு தூவி, அதன்மேல் ஒரு அடுக்கு புளி, மறுபடி உப்பு என்று அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். காற்று இடைவெளி இருக்கக் கூடாது. மேலே ஒரு கை உப்பு போட்டு வேட்டித் துணியால் வாய் கட்டுங்கள். தகர டப்பா, இரும்பு, அலுமினியம் எதுவும் கூடாது, புளி அரித்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் சமையலறைக்கு வேண்டிய ஒரு மாதத்துப் புளியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஜாடியில் கை விடும்போது ஈரக் கை கூடாது என்று என் அம்மாச்சி சாமி கும்பிடுகிற தோரணையில் சொல்வாள். நானும் அதே தோரணையில்தான் சொல்கிறேன். இன்னொன்று: இந்தப் புளியிலேயே உப்பு இருக்கிறது. குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் கொஞ்சம் குறைத்துப் போட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை ஜாடியைத் திறந்து பாருங்கள். அடியில் கசிந்திருந்தால் பயமில்லை, உப்பு இழுத்த நீர் அது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் உப்பு. பஞ்சுபோல் எழும்பினால் பூசணம். அந்த ஜாடியை நம்ப வேண்டாம்.

கரைப்பது

"எலுமிச்சை அளவு", "நெல்லிக்காய் அளவு" என்று எல்லாரும் சொல்கிறோம். எந்த ஊர் எலுமிச்சை? நான் தராசில் போட்டுப் பார்த்து வைத்த கணக்கு: நெல்லிக்காய் அளவு என்றால் 12 முதல் 15 கிராம், எலுமிச்சை அளவு என்றால் 25 முதல் 30 கிராம், கொட்டையில்லாமல். நாலு பேருக்கு ரசத்துக்கும் சாம்பாருக்கும் நெல்லிக்காய் அளவு. காரக்குழம்புக்கு எலுமிச்சை அளவு. தக்காளி இரண்டு போடுகிறீர்கள் என்றால் புளியில் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். பழம்புளி, புதுப்புளி இரண்டுக்கும் ஒரே அளவு கரைத்தாலும் நாக்குக்கு வேறு வேறாகத்தான் இருக்கும். ஆகவே புது ஜாடி திறந்த முதல் வாரம் கரைசலை முழுக்க ஊற்றாமல் கொஞ்சம் நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புளியை ஒரு அலசு அலசி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசியும் மேலே ஒட்டிய உப்பும் போகும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிஷம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வேகமாகக் கரையும்தான். ஆனால் நாரிலும், தப்பிக் கிடக்கும் கொட்டையின் சிவப்புத் தோலிலும் உள்ள துவர்ப்பும் இறங்கிவிடும். மைக்ரோவேவில் வைப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

முதலில் அரை தம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். சக்கையில் மறுபடி அரை தம்ளர் ஊற்றிப் பிசைந்து இரண்டாவது தண்ணி எடுங்கள். இரண்டாவது தண்ணி சேனை, கருணை மாதிரிக் கிழங்கு வேக, ரசத்துக்கு நீர்க்க. முதல் தண்ணி குழம்பு உருவான பிறகு. கையாலேயே பிசையுங்கள், மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் நாரும் கொட்டையும் சேர்ந்து அரைபட்டால் அந்தத் துவர்ப்பை வெளியே எடுக்க வழியே இல்லை.

வேலைக்குப் போகிறவர்கள் கடையில் பாட்டில் பேஸ்ட் வாங்குகிறார்கள். அதன் அடர்த்தி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், எனக்கு ஒத்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: 250 கிராம் கொட்டையில்லாத புளியை ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடித்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு ஸ்பூன் உப்பு சேர்த்து அல்வா பதத்துக்கு முன்னால் இறக்கி, ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குக் கவலையில்லை.

எப்போது ஊற்றுவது

சமையலில் பலருக்கும் சறுக்குவது இங்கேதான். புளித்தண்ணியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பருப்பும் சீக்கிரம் வேகாது. காயின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் புளிப்பில் இளக மறுக்கும். குக்கரில் துவரம்பருப்பையும் புளியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு "பருப்பு சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. பருப்பு குழைந்த பிறகு, காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளி.

சில காய்களுக்கு இதைத் தலைகீழாக்க வேண்டும். வெண்டைக்காயை வதக்கியதும் புளித்தண்ணி தெளித்தால் வழவழப்பு அறுபடும், காயும் குழையாது. சேனை, கருணை, சேப்பங்கிழங்கு மூன்றையும் தொடக்கத்திலிருந்தே நீர்த்த புளித்தண்ணியில் வேகவையுங்கள், நாக்கு அரிப்பு அடங்கும்.

ஊற்றிய பிறகு பச்சை வாசனை போகக் குறைந்தது எட்டு, பத்து நிமிஷம் கொதிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் புளிப்பு குறையும் என்று நினைக்காதீர்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையில் இருப்பதும் அதுதான். அது ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறத்தான் செய்யும். புளி கூடிவிட்டதென்றால் வழி வேறு: சாம்பாருக்கு இன்னும் ஒரு கரண்டி வெந்த பருப்பு, குழம்புக்கு ஒரு துண்டு கருப்பட்டி அல்லது தேங்காய்ப் பால், ரசத்துக்குப் பருப்புத் தண்ணி. உப்பைக் கூட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் இரண்டு பக்கமும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மீன் குழம்பில் என் மாமியார் சொல்தான் சட்டம். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். புளியும் மசாலாவும் கொதித்து, எண்ணெய் ஓரம் கட்டிய பிறகுதான் மீன் இறங்கும். அதன் பிறகு அகப்பை போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று, ஏழு எட்டு நிமிஷத்தில் அடுப்பை அணை. புளிப்பு மீனின் சதையை இறுக்குவதால் துண்டு உடையாது. கவிச்சை நாற்றத்துக்குக் காரணமான அமீன் என்ற பொருளை அமிலம் கட்டிப்போடுவதால் வாடையும் தணியும். இது புதுச் சங்கதியில்லை. அகநானூற்றின் 60-ஆம் பாட்டில், மேற்குக்கரைத் தொண்டியில் கடலுக்குப் போய் வந்த அப்பாவுக்கு மகள் சோறு போடுகிறாள். உப்பு விற்று வாங்கிய நெல்லின் வெண்சோறு, அதன்மேல் அயிலை மீன் போட்டு வைத்த புளிக்குழம்பு, பக்கத்தில் கொழுத்த மீன் துண்டு. அந்தக் குழம்பில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து, போர்த்துகீசியர் வந்த பிறகு கப்பலேறி வந்தது. தக்காளியும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். நம் குழம்பிலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது புளியும் மிளகும். ஒருநாள் மிளகு மட்டும் அரைத்துப் போட்டு அயிலைக் குழம்பு வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படித்தான் வைப்போம்.

புளிய மரத்தின் பூர்வீகமும் ஆப்பிரிக்கா. ஆனால் அது வந்து சேர்ந்த காலம் மிகப் பழசு. கங்கைச் சமவெளி அகழாய்வுகளில் 3000 ஆண்டுக்கு மேற்பட்ட புளிய மரக் கரித்துண்டு கிடைத்திருக்கிறது. இங்கிருந்தும் அது ஊர் சுற்றப் போயிருக்கிறது. மெக்சிகோவில் புளித்தண்ணியில் சர்க்கரை போட்டுத் தெருவில் விற்கிறார்கள். 1837 முதல் இங்கிலாந்தில் விற்கும் உஸ்டர்ஷயர் சாஸிலும் புளி சேர்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஓட்டோடு அழகாக அடுக்கியிருக்கும் தாய்லாந்து இனிப்புப் புளியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உரித்துத் தின்ன அது நன்றாக இருக்கும், குழம்புக்கு ஆகாது.

மூன்று பக்குவம்

புளிக்காய்ச்சல்: 100 கிராம் பழம்புளியை இரண்டு தம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, இரண்டு ஸ்பூன் கடலைப்பருப்பு, பத்து மிளகாய் வத்தல், கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் போட்டுக் கரைசலை ஊற்றுங்கள். உப்பு சேர்த்துச் சிறு தீயில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை, 25 நிமிஷம் போல. இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு மேசைக்கரண்டி எள், ஐந்தாறு வத்தல் இவற்றைத் தனித்தனியாக வறுத்துப் பொடித்து, இறக்குவதற்கு முன் தூவுங்கள். புளியங்கொட்டை அளவு வெல்லம். வெந்தயம் சிவக்க வேண்டும், கருகினால் கசப்பு பிடித்துவிடும். நிலக்கடலையைக் காய்ச்சலில் போடாதீர்கள், நமுத்துப்போகும். சோறு கிளறும்போது வறுத்துச் சேருங்கள். இது முக்கால் கிலோ அரிசிச் சோற்றுக்கு வரும். சோற்றை ஆறவைத்து, முதலில் எண்ணெயை மட்டும் மேலேயிருந்து எடுத்துப் பிசறி, அதன் பிறகு காய்ச்சலைப் போட்டு, இரண்டு மணி நேரமாவது மூடி வையுங்கள். கட்டுச்சோறாகப் போகும்போது புளிச்சோறு கெடாமல் இருப்பதற்குப் புளிப்பு, உப்பு, எண்ணெய் மூன்றும் காரணம். தேங்காயோ வெங்காயமோ சேர்த்தால் அந்தக் காவல் போய்விடும்.

பச்சைப்புளி ரசம்: அடுப்பே வேண்டாம். நெல்லிக்காய் அளவு புதுப்புளியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மூன்று தம்ளராகக் கரையுங்கள். தணலில் சுட்ட இரண்டு வத்தல், ஆறு சின்ன வெங்காயம், அரை ஸ்பூன் சீரகம், உப்பு இவற்றை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டு, மல்லித்தழை கிள்ளி, ஒரு துளி கருப்பட்டி. பருப்புச்சோற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. பழம்புளியில் செய்தால் மருந்துபோல இருக்கும்.

பானகம்: சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் மதுரையில் பானகமும் நீர்மோரும் ஊற்றுவார்கள். எலுமிச்சை பிழிகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் புளி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் கருப்பட்டி அல்லது வெல்லம், நெல்லிக்காய் அளவு புதுப்புளி, அரை ஸ்பூன் சுக்குத்தூள், நாலு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வடிகட்டிப் பானையில் வைத்துக் குளிர வையுங்கள்.

பாத்திரம்

புளி சமைக்க மண்சட்டி, கல்சட்டி, நல்ல எவர்சில்வர். இரும்புச் சட்டியில் குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். அலுமினியத்தில் சமைத்ததை இரவு முழுக்க அதிலேயே விடாதீர்கள். பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், பூச்சு தேய்ந்தால் மறுபடி பூசாமல் புளியை அருகில் கொண்டுபோகாதீர்கள். ரசத்துக்கான ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. காரீயம் கலந்தது விஷம், கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தெரிந்த பட்டறையில் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் எவர்சில்வரில் வையுங்கள், ரசம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கரைத்த சக்கையைக் குப்பையில் போடாமல் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் கொஞ்சம் கல்லுப்போடு தேய்த்தால் போதும், அமிலம் கறுப்பைக் கரைத்து எடுத்துவிடும். தேய்த்ததும் உடனே கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அப்படியே ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாளே பச்சைப் புள்ளி விழும்.